தாய்ப்பலகை கடைசிக் குற்றவாளி

"மதர்போர்டு போயிருச்சு, மாத்தணும். 350 வெள்ளி."

கடைக்காரர் இரண்டே நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். விடுதியில் என் அறையில் தங்கியிருக்கும் முதலாமாண்டுத் தங்கை, கணினிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி அழுதுகொண்டே வந்தாள். கல்விக் கடனில் படிக்கும் எங்களுக்கு அது ஏறக்குறைய ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு. மறுநாள் அவள் இடுபணியை ஒப்படைக்க வேண்டும்.

இத்தகைய தீர்ப்புகளை நாம் ஏன் கேள்வி கேட்காமல் ஏற்கிறோம்? பெட்டியைத் திறக்கப் பயம். விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது என்றதும் தாய்ப்பலகையின் மேல் பழி போடுகிறோம். அதைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை, "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்பார். இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயில் மனனம் செய்தேன். உண்மையில் பயன்பட்டது அன்றிரவுதான்.

முதலில் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினோம். கணினி அணைந்திருந்தாலும் பலகைக்கு 5 வோல்ட் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். 24 முனைச் செருகியையும், செயலிக்கென்று தனியாக வரும் செருகியையும் அழுத்திப் பார்த்தோம். இறுக்கமாகவே இருந்தன. பிறகு வன்தட்டு உட்பட எல்லாவற்றையும் கழற்றினோம். செயலி, அதன் விசிறி, மின்வழங்கி, பீப் ஒலி எழுப்பும் சிறிய ஒலிபெருக்கி ஆகியவை மட்டும் மிச்சம். நினைவகப் பட்டைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. மீண்டும் மின்சாரம் கொடுத்து விசையை அழுத்தியதும் பீப், பீப் என்று கத்தியது.

"இன்னும் மோசமாயிருச்சாக்கா?"

இல்லை. நினைவகம் இல்லை என்று முறையிட, பலகைக்கும் செயலிக்கும் உயிர் இருந்தாக வேண்டும்!

பட்டைகளின் தங்கநிற முனைகளை அழிப்பானால் மெல்லத் தேய்த்தோம். ஒன்றைச் செருகினோம், திரை ஒளிர்ந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, அதே இடத்தில் மற்றதைச் செருகினோம்; மறுபடியும் பீப். பழுது அந்தப் பட்டையில்தான். மிஞ்சிய 4 ஜிபியில் கணினி ஆமையாய் நகர்ந்தாலும் இடுபணி விடிவதற்குள் முடிந்தது.

எப்போதும் இப்படி அமையாது. என் அண்ணனின் பழைய கணினியில் மின்தேக்கிகளின் தலை உப்பியிருந்தது. அது பலகையின் பழுதேதான், புதிது வாங்கினோம்.

கலைவிழா மேடை அலங்காரத்திற்கு நம் கழகம் செலவிடுவதைக் குறை கூறமாட்டேன். அந்த மேடையில் நானும் ஆடியவள்தான். அதில் சிறு பங்கை ஒதுக்கி, நல்ல நிலையிலுள்ள ஒரு மின்வழங்கி, இரண்டு நினைவகப் பட்டைகள், ஒரு பீப் ஒலிபெருக்கி வாங்கிக் கழக அறையில் வைக்கலாமே. செவ்வாய் இரவுகளில் அங்கே உட்கார நானும் அந்தத் தங்கையும் தயார்.