எலுமிச்சம்பழமும் தண்ணீர்க் குழாயும்

நெய்வேலியில் ஆயுத பூஜை வந்தால் பெரிய யந்திரம் முதல் பையன்களின் வீடியோ விளையாட்டுப் பெட்டி வரை குங்குமம்தான். அப்பெட்டி சூடேறி நின்றுவிட்டாலோ, ‘கண்ணேறு’ என்று எலுமிச்சம்பழம் தேடுகிறார்கள். தோழர்களே! எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிகள் லட்சக்கணக்கில் கெட்டனவே, அத்தனைக்கும் கண் வைத்தவர் யார்? மாறி மாறிச் சூடேறி ஆறியதால் உள்ளே இணைப்புகள் உடைந்தன என்று அதைச் செய்த மைக்ரோசாஃப்ட்டே 2021-ல் சொல்லிவிட்டது. 2007-லேயே அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கவும் நேர்ந்தது.

இதையறிந்த இளைஞன் சில்லின் மேல் பசை தடவிச் செம்புக் கட்டியை வைத்து, சிறு பம்பினால் அதனூடே தண்ணீரை ஓட்டி, ரேடியேட்டரில் விசிறியால் ஆற்றுகிறான். மின் நிலையத்தில் நீராவியைக் குளிர்வித்துச் சூடேறிய தண்ணீரைக் கோபுரத்தில் ஆற்றுவதும் இதே வேலைதானே? அங்கே சம்பளம் வாங்கும் தகப்பனார், மகன் மட்டும் காசைத் தண்ணீராய் விடுகிறான் என்று ஏசுவது என்ன நியாயம்? (தூசியைத் துடைத்தாலே பல பெட்டிகள் பிழைக்கும் என்பது வேறு சங்கதி.)

இளைஞனுக்கும் ஒரு வார்த்தை. குழாய்த் தண்ணீர் உப்புப் படியும். வடித்த நீரே வேண்டும். செம்போடு அலுமினியத்தைச் சேர்த்தால் அரிக்கும். முதலில் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டிப் பார். ஒழுகினால் பூசணிக்காய் உடைக்காதே, இணைப்பை இறுக்கு.