யாரும் தனியாகப் போகக் கூடாது!

அமெரிக்காவின் தலைநகரம் வாஷிங்டன். அங்கே பொட்டோமாக் என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றின் அக்கரையில், வர்ஜீனியா மாநிலத்தில், ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

உள்நாட்டு யுத்தம் நடந்தபோது, 1864-ம் ஆண்டில் இது ஏற்பட்டது. இன்று 4 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இங்கே துயில்கிறார்கள். போர்க்களத்தில் மடிந்தவர்கள் உண்டு. வீடு திரும்பி, வயதாகி இறந்த மாஜி ராணுவத்தினரும் உண்டு. ஜனாதிபதி கென்னடியின் சமாதியும் இங்கேதான் இருக்கிறது.

இரவு பகல் காவல்

முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத வீரர் ஒருவரை 1921-ல் இங்கே அடக்கம் செய்தார்கள். 1937 முதல் அந்தச் சமாதிக்கு இரவு பகலாகக் காவல் நடக்கிறது. மழை பெய்தாலும், பனி கொட்டினாலும் காவல் நிற்பதில்லை.

மே மாதக் கடைசித் திங்கட்கிழமை அமெரிக்காவில் நினைவு நாள். அதற்கு முன்பே, கல்லறைக் கற்களுக்கு முன்னால் சிப்பாய்கள் சிறு கொடிகளை நட்டுவிடுகிறார்கள்.

இவை எல்லாம் பெரிய மரியாதைகள்தான். ஆனால், இவற்றைவிடப் பெரிய மரியாதை ஒன்று அங்கே உண்டு. அதைத் தொடங்கியவர் ஒரு பெண்மணி!

அழ ஆள் இல்லை

அப்போது விமானப்படைத் தளபதியாக இருந்தவர் வாண்டன்பர்க். அவருடைய மனைவி கிளாடிஸ். சில வீரர்களின் அடக்கத்தின்போது பாதிரியாரும் மரியாதைப் படையும் மட்டுமே நின்றதை இந்த அம்மையார் பார்த்தார். உற்றார் இல்லை. உறவினர் இல்லை. அழ ஓர் ஆள் இல்லை.

அவர் மனம் பொறுக்கவில்லை. 1948-ல் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, விமானப்படையினரின் அடக்கங்களுக்குப் போகத் தொடங்கினார். பின்னர் தரைப்படைக்கும் கடற்படைக்கும் இந்த வழக்கம் பரவியது. "ஆர்லிங்டன் மாதர்" என்று இவர்களுக்குப் பெயர். சம்பளம் கிடையாது. குடும்பத்தார் வந்திருந்தால் அனுதாபக் கடிதம் கொடுத்து ஆறுதல் சொல்கிறார்கள். யாருமே வராவிட்டால், இவர்களே உறவாக நிற்கிறார்கள்.

அந்த 1948-ம் ஆண்டு வரை, ஆர்லிங்டனில் கறுப்பின வீரர்களுக்குத் தனி இடம்தான். ராணுவத்தில் நிறவேற்றுமை கூடாது என்று ஜனாதிபதி ட்ரூமன் அந்த ஆண்டில் உத்தரவு போட்டார். கல்லறையிலும் வேற்றுமை நீங்கியது. எல்லோருக்கும் இல்லாத மரியாதை, மரியாதையே அல்ல.

உயிரோடு இருக்கும்போதே

ஒருவருடைய சவப்பெட்டிக்குப் பின்னால் வர ஆள் இல்லை என்றால் என்ன பொருள்? அதற்கு முன்பே பல ஆண்டுகள் அவர் தனியாக வாழ்ந்திருக்கக் கூடும். மருந்து வாங்கித் தர ஆள் இருந்திருக்காது. "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கவும் ஆள் இருந்திருக்காது. அப்படிப்பட்டவருக்குக் கடைசி நாளில் கொடி போர்த்தினால் மட்டும் போதுமா?

கல்லும் கொடியும் அரசாங்கம் கொடுக்க முடியும். துணையை மனிதர்தான் கொடுக்க வேண்டும். கிளாடிஸ் அம்மையார் கல்லறை ஓரத்தில் செய்ததை, எந்த நாட்டிலும், எந்தத் தெருவிலும் செய்யலாம். அடுத்த வீட்டில் ஒரு மாஜி சிப்பாய் தனியாக இருந்தால், அவர் கதவைத் தட்டி நலம் விசாரிக்கலாம். அதற்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம். அவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். அவ்வளவுதான்!