குழாய் முனையில் ஒரு குழாய்

1981 ஜூன் 27. அமெரிக்காவில் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துக் காடு ஒன்றில் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு துப்பாக்கியோடு இறங்கினார்கள். மரத்துக்கும் மாட்டுக்கும் தூரத்திலிருந்தே பெயின்ட் அடித்து அடையாளம் வைக்கிற நெல்ஸ்பாட் 007. மாட்டை அடிப்பதற்குப் பதில் ஒருத்தரை ஒருத்தர் அடித்துக்கொண்டால் என்ன? பெயின்ட்பால் ஆட்டம் பிறந்தது இப்படித்தான். அன்றைக்கு ஜெயித்த ரிச்சி ஒயிட் ஒரு குண்டு கூடச் சுடவில்லை. பதுங்கிப் பதுங்கிப் போய்க் கொடிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

நியூஜெர்ஸியில் இருக்கிற என் சித்தப்பா பையனுக்கு இந்தக் கதை ருசிக்கவில்லை. ஆபீஸ் கோஷ்டியோடு சனிக்கிழமை தோறும் சுடப் போகிறவன். "அண்ணா, பேரல் முனையில ஒரு அட்டாச்மென்ட் மாட்டினா குறி தப்பாதாம். வாங்கவா?" என்கிறான். (நான் பி.காம். காசு விஷயம் என்றால் என்னைத்தான் கேட்பான்.)

குறி என்பதில் முக்கால்வாசி அந்த உருண்டையின் கையில் இருக்கிறது. மீன் எண்ணெய் மாத்திரை மாதிரி ஜெலட்டின் தோல், உள்ளே சாயம். குறுக்களவு 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். தோலில் ஒட்டுத் தையல் உண்டு. ஈரக் காற்றில் உப்பும். வினாடிக்கு 300 அடி வேகத்தில் கிளம்பினாலும், 30 மீட்டர் தாண்டுவதற்குள் காற்று பாதி வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நிஜத் துப்பாக்கி போல் உள்ளே மரை போட்டாலும் பெரிய லாபமில்லை. நீளமான தோட்டா தலைகுப்புறக் கவிழாமல் இருக்கத்தான் அந்தச் சுழற்சி. உருண்டைக்குத் தலையேது, காலேது?

அப்படியானால் நீட்டினால்? அழுத்தக் காற்று தள்ள வேண்டியதை முதல் எட்டு, பத்து அங்குலத்திலேயே தள்ளி முடித்துவிடும். மிச்ச நீளம் புதரை விலக்கிப் பார்க்க உதவும். முனையருகே வரிசையாகத் துளை போட்டிருப்பார்களே, அது காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விட்டுச் சத்தத்தைக் குறைக்கிறது. கூடவே காற்றுச் செலவும் ஏறும். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம்.

உண்மையிலேயே வேலை செய்கிற சாமான் ஒன்று உண்டு. ஏபெக்ஸ் என்ற முனை. உள்ளே மேல் பக்கம் ஒரு சின்னச் சரிவு. உருண்டை அதில் உரசிக்கொண்டு வெளியேறும்போது பின்னோக்கிச் சுழலும். காற்று அதைத் தூக்கிப் பிடிக்கும். குண்டு விழாமல் இன்னும் கொஞ்ச தூரம் போகும். முனையைத் திருப்பி வைத்தால் இடமோ வலமோ வளையும், ஸ்பின்னர் வீசிய பந்து காற்றில் நகர்கிற மாதிரி. 18-ம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் துப்பாக்கிக் குழாயை வளைத்துச் சுட்டு இதைக் காட்டிவிட்டார். பெயர் என்னவோ பின்னால் வந்த மாக்னஸுக்குப் போனது.

ஆனால் தூரம் வேறு, குறி வேறு. தூரமாகப் போகிற குண்டு அதே இடத்தில் விழ வேண்டுமே! அதற்குக் குழாயின் உள்ளளவு உருண்டைக்குப் பொருந்த வேண்டும். உருண்டையைக் குழாயில் போடுங்கள். தானாக உருண்டு வெளியே விழக்கூடாது. வாயால் ஊதினால் வெளியே வர வேண்டும். கடையில் காசில்லாமல் செய்து பார்க்கலாம். (துப்பாக்கியில் மாட்டாத வெறும் குழாயில், சார்!) இதில் தேறாத குழாய்க்கு எந்த முனையை மாட்டியும் பிரயோஜனமில்லை.

சைலன்ஸர் மாதிரி கறுப்பாக ஒன்று வருகிறதே, அது வெறும் பந்தா. துளை ஒரு மயிரிழை கோணினால் உருண்டை இடித்து உள்ளேயே உடையும். அப்புறம் வருவதெல்லாம் சாயத்தில் வழுக்கிக்கொண்டு கண்ட திசையில் போகும். அந்தச் சமயத்தில் முகமூடியைத் தூக்கிவிட்டு உள்ளே என்ன அடைப்பு என்று எட்டிப் பார்க்கிற ஆசாமிகள் இருக்கிறார்கள். 17 மில்லிமீட்டர் உருண்டை கண் குழிக்குள் அழகாக உட்காரும். மைதானத்தை விட்டு வெளியே வந்து, காற்று சிலிண்டரைக் கழற்றி, குழாயைத் தனியாக எடுத்து, அப்புறம் துடை தம்பி.