கோவைக்கு ரயில் ஏறாத ரசிகர்கள்

ராத்திரி பன்னிரண்டரைக்குக் கண் முழித்து மான்செஸ்டர் மேட்ச் பார்க்கும் சூரமங்கலத்துப் பசங்களுக்கு, உள்ளூர் ஃபுட்பால் என்றால் இளக்காரம். "தரம் இல்லப்பா!"

சரி, தரமாகவே ஒன்று வந்ததே? 2018-19 ஐ-லீக். சென்னை சிட்டி... பெயர்தான் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். வீட்டுப் பக்கத்து சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறினால் மூணு மணி நேரம். பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். 2019 மார்ச் 9, மினர்வா பஞ்சாபை 3-1 என்று சாய்த்துச் சாம்பியன். அன்றைக்கு ஆளாளுக்கு ஸ்டேட்டஸ்! சீசன் முழுக்க எத்தனை மேட்சுக்குப் போனார்கள் என்று கேட்டால் மழுப்பல். மாவட்ட மேட்ச் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சில வருடத்தில் அந்த அணி ஐ-லீக்கிலிருந்தே காணாமல் போனது. காரணம் ஆயிரம் இருக்கலாம். ஆனால் இருந்தபோது ஒரு டிக்கெட் எடுக்காதவர்கள்தான் இப்போது, "தமிழ்நாட்ல ஏதுப்பா ஃபுட்பால்?" என்கிறார்கள்.