மருந்தா, நஞ்சா?

தோட்டத்தில் ஒரு சொல் வழங்குகிறது: ‘மருந்தடிப்பு’. புல்லைக் கொல்லும் நஞ்சைத் தண்ணீரில் கலந்து, பம்பில் ஊற்றி, முதுகில் சுமந்து தெளிக்கும் வேலைக்கு அந்தப் பெயர். நோயைத் தீர்ப்பது மருந்து. ஆளை அரிப்பதற்கும் அதே பெயரா? இந்தப் பெயரைச் சூட்டியவர் யாராயினும், நாள்தோறும் அதைச் செக்ரோலில் எழுதி வந்தவர்கள் கிராணிகளாகிய நாமே. குற்றத்தில் நமக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

ஆயர் குரோ வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் நாம் கண்டது இது. எத்தனை டின் ஸ்டோரிலிருந்து வெளியே போயிற்று, எத்தனை ஏக்கரில் அடித்தார்கள், யார் யாருக்குப் பேர் விழுந்தது, எல்லாம் கணக்கில் இருந்தது. மருந்தடித்த அக்காமாரின் மூக்கில் இரத்தம் வடிந்ததையும், கைநகம் நிறம் மாறி விழுந்ததையும் எழுத ஒரு கட்டமும் இல்லை. டின்னுக்குக் கணக்குண்டு, இரத்தத்துக்குக் கணக்கில்லை!

அந்த டின்னில் இருந்தது பாராகுவாட். 1960-களில் சந்தைக்கு வந்த நஞ்சு இது. வயிற்றுக்குள் போனால் நுரையீரலைத் தின்றுவிடும். முறிக்க மருந்தே கிடையாது. சுவீடன் 1983-லும் சுவிட்சர்லாந்து 1989-லும் இதைத் தடைசெய்தன. ஆனால் சுவிட்சர்லாந்தையே தலைமையிடமாகக் கொண்ட நிறுவனம் அதற்குப் பிறகும் பிற நாடுகளுக்கு இதை விற்று வந்தது. தன் வீட்டுக்கு ஆகாதது அடுத்தவன் வீட்டுக்கு ஆகுமாம்!

நம் நாட்டில் நடந்ததென்ன? 2002-இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைச் சந்தித்து, அவர்கள் படும் பாட்டை ஆராய்ந்து நூலாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கமும் பாராகுவாட்டை விலக்க முடிவு செய்தது. முதலாளிமார் கூக்குரலிட்டார்கள். 2006-இல் கட்டுப்பாடு தளர்ந்தது. 2011-இல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது: இதைக் கையாண்டவர்களுக்கு நடுக்குவாதம் என்னும் பார்க்கின்சன் நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது என்றது. அதற்குப் பிறகும் டின்கள் ஸ்டோருக்கு வந்தன. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-இல். முடிவெடுத்து அமலாக்கப் பதினேழு ஆண்டுகளுக்கு மேல்! அத்தனை ஆண்டும் காத்திருந்தது யாருடைய நுரையீரல்?

“முறைப்படி அடித்தால் ஆபத்தில்லை, முகமூடி போடச் சொன்னோமே” என்பார்கள். மலாக்கா வெயிலில், ஒழுகும் பம்பைச் சுமந்து, ரப்பர் அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு ஒருநாள் நிரை பிடித்துப் பார்த்துவிட்டு இவர்கள் பேசட்டும்.

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்லர். விஞ்ஞானம் நம்மிடம் கடன்பட்டிருக்கிறது. 1907-இல் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு டாக்டர்கள் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட கூலிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராருக்குத் தீட்டிய வெள்ளரிசியும் மறு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துச் சோதித்தார்கள். வெள்ளரிசி தின்றவர்களைப் பெரிபெரி பிடித்தது. புழுங்கல் தின்றவர்கள் தப்பினார்கள். அந்த ஜாவானியக் கூலிகளின் உடம்பில் கண்ட உண்மை உலகத்துக்குப் பயன்பட்டது. உடம்பு தொழிலாளியினுடையது, முடிவை முதலில் அறியும் உரிமை மட்டும் அவனுக்கு ஏன் இல்லை?

பாராகுவாட் போயிற்று, பம்பு போகவில்லை. இன்று பல தோட்டங்களில் அதில் இருப்பது கிளைபோசேட். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என 2015-இல் வகைப்படுத்தியது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை அதை மறுக்கிறது. வல்லவர்கள் வாதிடட்டும். வழக்கு முடியும்வரை சந்தேகத்தின் பலன் டின்னுக்கா, ஆளுக்கா? ஆளுக்கே என்கிறோம் நாம்.

ஆகவே கேட்கிறோம்: பம்பில் ஊற்றுவது என்ன, அதைப் பற்றி ஆராய்ச்சி சொல்வது என்ன என்பதைப் பெரட்டில் தமிழிலும், மலாயிலும், வங்காளத் தோழர்களின் மொழியிலும் படித்துக் காட்டுக! இரசாயனம் கையாள்வோருக்குத் தகவலும் பயிற்சியும் தரவேண்டுமென 2000-ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. இது சலுகையல்ல, சட்டம். டாக்டர் பரிசோதித்த முடிவைத் தொழிலாளியின் கையில் கொடுத்திடுக! கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் பம்பு தூக்கச் சொல்லாதீர்!

கிராணித் தோழர்களே, ஒரு வேலை நம் பேனாவிலேயே இருக்கிறது. நாளை முதல் ‘மருந்தடிப்பு’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘நஞ்சடிப்பு’ என்று எழுதுவோம். யாருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பக்கத்திலேயே நாளிட்டுக் குறிப்போம். கேட்கிறவர் கேட்கட்டும். டின்னுக்கு எழுதிய கை இனி ஆளுக்கும் எழுதட்டும்!