ஃபார்மட் அடிச்சிடலாம் சார்!

விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் குடியிருக்கிற வீட்டுக் கணினி ஒருநாள் கிளம்ப மறுக்கிறது. கருப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி மட்டும். பதறியடித்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குத் தூக்கிப் போனால், வன்தட்டில் என்ன இருக்கிறது என்று கூடப் பார்க்காமல் தீர்ப்பு வந்துவிடும்: "ஃபார்மட் அடிச்சிடலாம் சார்."

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற இந்த வைத்தியத்துக்குக் காசு வேறு!

பழைய பயாஸ் கணினிகளில் வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் 446 பைட்டு, கணினியைக் கிளப்பும் நிரல். 64 பைட்டு, பார்ட்டிஷன் அட்டவணை. ஆளுக்கு 16 பைட்டு வீதம் நான்கு பேருக்கு இடம். மிச்சம் 2 பைட்டு ஒரு முத்திரை. லினக்ஸ் இருக்கிற கணினியில் பிறகு விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவினால் பறிபோவது அந்த 446 பைட்டுதான் (பக்கத்து வீட்டுக்காரனை ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் விண்டோஸுக்குக் கிடையாது). லினக்ஸ் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. லைவ் சிடியில் கிளப்பி, லினக்ஸ் பார்ட்டிஷனை மவுன்ட் செய்து, கிரப்-இன்ஸ்டால் கட்டளையைக் கொடுத்தால் தீர்ந்தது.

'கிரப் ரெஸ்க்யூ' கதை வேறு. கிரப் தன் கோப்புகளைத் தேடிப் போன இடத்தில் அவை இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் வீட்டில் யாரோ, இடம் போதவில்லை என்று, விண்டோஸில் பெயர் இல்லாமல் தெரிந்த ஒரு பார்ட்டிஷனை அழித்திருப்பார்கள். அவர்களைத் திட்டியும் பயனில்லை. நல்ல நிலையில் இருக்கிற லினக்ஸ் பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்து கொடுத்தால், படிக்கத் தெரியாத விண்டோஸ், 'எனக்கு இது புரியவில்லை' என்றா சொல்கிறது? 'பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்' என்கிறது! லினக்ஸ் காரர்களும் ரொம்பக் குதிக்க வேண்டாம். 'முழு டிஸ்கையும் அழித்து நிறுவு' என்ற வரியைத் தெரியாமல் தேர்ந்தெடுத்து விண்டோஸைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

அழித்தது அட்டவணையில் ஒரு வரியை. உள்ளே இருக்கிற கல்யாணப் படங்களும் பாதி எழுதிய ஆய்வேடும் அதன்மேல் வேறு எதையாவது எழுதும்வரை இருக்கும். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் வன்தட்டைத் துழாவி, தொலைந்த பார்ட்டிஷன்களைக் கண்டுபிடித்து அட்டவணையைத் திரும்ப எழுதித் தரும். ஆனால் கடைக்காரர் முழு ஃபார்மட் கொடுத்தால், விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸ் எல்லா இடத்திலும் பூஜ்யம் எழுதிவிடும். எஸ்.எஸ்.டி. என்றால் அவசர ஃபார்மட்டே போதும். ட்ரிம் கட்டளை போய்ச் சேர்ந்தபின் தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்கு: 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த மைக்ரோசாஃப்ட் அப்டேட், இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைக் கிளம்பவிடாமல் செய்தது. திரையில் 'பாதுகாப்புக் கொள்கை மீறல்' என்று பயமுறுத்தல். பார்ட்டிஷனுக்கோ ஒரு கீறலும் இல்லை. செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், 'எஸ்பேட்' கொள்கையை நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டைப் போட்டால் முடிந்தது. இதற்கும் ஃபார்மட்டா?

"ஒவ்வொரு மிஷினுக்கும் இப்படி மெனக்கெட்டா கடையை மூட வேண்டியதுதான்" என்பார் கடைக்காரர். நியாயம்தான், மெனக்கெட நேரம் இல்லையென்றால் அதைச் சொல்லிவிட்டுப் போகட்டும். கணினியாவது முழுசாக வீடு திரும்பும். இல்லையா, கை வைக்கும் முன் வன்தட்டை அப்படியே வேறொரு டிஸ்கில் நகலெடுக்கட்டும், அதற்கும் சேர்த்துக் காசு கேட்கட்டும், கொடுப்பார்கள். கேட்காமல் அழித்துவிட்டு, லினக்ஸ் இருந்த இடத்தையும் ஒரே சி டிரைவாக்கிக் கொடுத்து, "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்" என்பது எந்த ஊர் சர்வீஸ்?