இருமும் சிப்பந்தியை ஊருக்கு அனுப்பலாமா?

கடையில் வேலை பார்க்கும் சிப்பந்திக்கோ, மூட்டை தூக்கும் தொழிலாளிக்கோ காசநோய் என்று தெரிந்ததும், கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிடும் வழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்புவதால் அதைத் தர்மம் என்றும் நினைத்துக்கொள்கிறோம். இது தர்மமும் அல்ல, லாபமும் அல்ல.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். படுக்கைகளோ மிகக் குறைவு. இந்நிறுவனம் சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் சேர்த்தது. மற்றவர்களுக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. 1959-இல் வெளியான முடிவு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. நெருக்கமான வீட்டில், எளிய உணவோடு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களுடைய குடும்பத்தாரை ஐந்தாண்டுகள் கவனித்தும் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. நோய் பெரும்பாலும் பரவுவது, கண்டுபிடித்து மருந்து தொடங்குவதற்கு முன்புதான்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. மருந்து சாப்பிடும் சிப்பந்தியைவிட, வேலை போய்விடும் என்று அஞ்சி இருமலை மறைக்கும் சிப்பந்தியால்தான் கடைக்கு ஆபத்து. ஒருவரை நீக்கினால், அதைப் பார்க்கும் மற்றவர்கள் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். காற்றோட்டமில்லாத கடை மாடியில் பலர் நெருக்கமாகப் படுத்துறங்கும் இடத்தில் இதன் விளைவைச் சொல்லவேண்டியதில்லை.

சிறிய கடைக்காரர் ஆறு மாதம் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம் என்றாலும், மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே தொற்றும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். மருத்துவர் அனுமதித்ததும் சில காலம் மூட்டை தூக்கவிடாமல் சிட்டை எழுத, பொட்டலம் கட்ட வைக்கலாம். அவர் தொட்ட சரக்கினால் நோய் பரவாது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் அரசு வழங்குகிறது. பழகிய கையை இழந்து புதியவரைப் பழக்கும் செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மளிகைக்காரர்களாகிய நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. சேத்துப்பட்டு நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. நோயாளியோடு அவர் குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். நோயாளிக்கு மட்டும் உணவு கொடுத்த குடும்பங்களைவிட, இக்குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நம் கடையில் நிறுத்துக் கொடுக்கும் அரிசியும் பருப்பும் நோயைத் தடுக்கும் கருவி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே நம் சங்கங்கள் மூன்று தீர்மானங்கள் நிறைவேற்ற வேண்டும். காசநோய்க்காக எந்தச் சிப்பந்தியையும் நீக்குவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சம்பளம் பிடிக்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவோம். நோய்ப்பட்ட சிப்பந்தியின் வீட்டுக்குச் சிகிச்சை முடியும்வரை அரிசியும் பருப்பும் சங்கத்தின் பொறுப்பு. வருடாந்தர விழாச் செலவில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும்.